கடல் பார்த்த அறை, மதில் பார்த்த யன்னல்

கேள்வி:

ஐயா, நான் வவுனியாவில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதம் அம்மாவுக்கு (வயது 73) கொழும்பில் கட்டராக்ட் சத்திரசிகிச்சை நடந்தது. மூன்று இரவு தங்குவதற்காக, லண்டனில் இருக்கும் தம்பி ஒரு ஆப்பில் பார்த்து வெள்ளவத்தையில் ஹோட்டல் பதிவு செய்து, தன் கடனட்டையில் 55,500 ரூபா கட்டினான். ‘கடல் பார்த்த டீலக்ஸ் அறை, 28 சதுர மீட்டர், இரண்டு தனிக் கட்டில், லிஃப்ட் வசதி’ என்று போட்டிருந்தது. அங்கேயே ஸ்டாண்டர்ட் அறை ஓர் இரவுக்கு 12,000க்கு இருந்தது. கண் கட்டு அவிழ்த்ததும் அம்மா படுத்தபடியே கடலைப் பார்க்கட்டும் என்று நான்தான் 18,500 ரூபா அறையை எடுக்கச் சொன்னேன்.

இரவு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். லிஃப்ட் ஒரு கிழமையாகப் பழுதாம். முழங்கால் வலியோடு அம்மா மூன்று மாடி ஏறினா. அறையில் ஒரே ஒரு இரட்டைக் கட்டில். திரையை விலக்கினால் பக்கத்துக் கட்டடத்தின் மதிலும் இரண்டு ஏசிப் பெட்டியும்தான் தெரிந்தன. பூஞ்சண மணம் வேறு. கீழே போய்க் கேட்டேன். “எல்லா டீலக்சும் இப்பிடித்தான் மிஸ், படத்தில இருக்கிறது மேல்மாடி” என்றார் மேசையில் இருந்த பிள்ளை. ஹோட்டலின் வாட்ஸ்அப்புக்கு 9.40க்கு நாலு படம் அனுப்பினேன். நீலச் சரி விழுந்தது, பதில் வரவில்லை. காலை ஏழு மணிக்கு ஒப்பரேஷன் என்பதால் வேறு இடம் தேட வழியில்லை, மூன்று இரவும் அங்கேயே தங்கினோம். வெளிக்கிடும்போது முகாமையாளர், “தங்கிட்டீங்கதானே, இனி என்ன செய்யலாம்? ரீஃபண்ட் இல்லாத புக்கிங் வேற” என்றார்.

முழுக் காசையும் திருப்பி எடுக்க முடியுமா? நடந்ததை இணையத்தில் எழுதினால் எனக்குச் சிக்கல் வருமா? இன்னும் இரண்டு மாதத்தில் மற்றக் கண்ணுக்கும் வர வேண்டும்.

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுக் காசும் வராது. மூன்று இரவு படுத்து எழும்பிய அறைக்கு ஒரு சதமும் தர மாட்டேன் என்றால், எந்த மேசையிலும் உங்கள் பக்கம் எடுபடாது. ஆனால் ஒரு பகுதி வர வேண்டும். அதைக் கேட்பதற்கான ஆதாரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே உங்களிடம் இருக்கிறது. நான் சட்டத்தரணி இல்லை. கொழும்பு ஹோட்டல்களின் வரவேற்பு மேசையிலும் முன்பதிவுப் பிரிவிலும் 22 வருடம் நின்றவன், இப்போது அந்த வேலையைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்ன யோசிப்போம் என்பது தெரியும், அதிலிருந்துதான் எழுதுகிறேன்.

நீங்கள் எனக்கும் அனுப்பிய நாலு படத்தில் மூன்றாவதை எடுத்துப் பாருங்கள். யன்னலையும் மதிலையும் காட்டத்தான் எடுத்திருக்கிறீர்கள். எனக்குப் பிடித்தது கீழே தெரியும் தரை ஓடு. யன்னல் சுவரோரமாக ஐந்து ஓடு, அங்கிருந்து கதவை நோக்கிப் போகிற சுவரோரமாக ஏழு ஓடு எண்ணலாம். ஓட்டின் அளவு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அம்மாவின் செருப்பு அதன் மேல் கிடக்கிறது. ஒரு ஓட்டின் நீளத்துக்கு அந்தச் செருப்பு இரண்டரை தரம் போகும். ஆக அது இரண்டடி ஓடு, இப்போது கட்டுகிற கட்டடங்களில் வழக்கமாகப் போடுவதுதான். பதினாலு அடிக்குப் பத்தடி, 140 சதுர அடி. ஹோட்டல்காரர் அறை அளவில் குளியலறையையும் சேர்த்துத்தான் சொல்வார்கள், அது வழக்கம், அதைக் குற்றம் சொல்ல முடியாது. தாராளமாக 45 சதுர அடி போட்டாலும் 185, அதாவது ஏறக்குறைய 17 சதுர மீட்டர். விளம்பரத்தில் இருந்த 28 சதுர மீட்டர் என்பது 300 சதுர அடி.

பூஞ்சண மணத்தை முகாமையாளர் “மழைக்காலம் மிஸ்” என்று தட்டிவிடலாம். ‘வசதி இல்லை’, ‘ஏமாற்றமாக இருந்தது’ என்பதற்கெல்லாம் எங்களிடம் ஆயத்தப் பதில் இருக்கும். எண்ணக்கூடிய விஷயத்துக்குப் பதில் கிடையாது. அறை 28 சதுர மீட்டரா, 17ஆ? கட்டில் இரண்டா ஒன்றா? யன்னலால் கடல் தெரிகிறதா, மதில் தெரிகிறதா? லிஃப்ட் ஓடியதா? இந்த நாலையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மணத்தை விட்டுவிடுங்கள்.

அந்தப் பிள்ளை சொன்ன “படத்தில இருக்கிறது மேல்மாடி” பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. விளம்பரப் படம் எடுக்கிற நாளில் என்ன நடக்கும் என்றால், முழு ஹோட்டலிலும் நல்ல அறை ஒன்றைத் தெரிவு செய்வோம். அநேகமாக மேல்மாடி மூலை அறை, இரண்டு பக்கம் யன்னல் உள்ளது. படப்பிடிப்பாளர் அகலக்கோண வில்லையை மாட்டிக்கொண்டு, குளியலறைக் கதவோடு முதுகை ஒட்டி, இடுப்பு உயரத்தில் கமராவைப் பிடிப்பார். கட்டில் வள்ளம் மாதிரி நீளும், சுவர் தள்ளிப்போகும். நான் வேலை செய்த ஒரு இடத்தில் நாற்பது அறை இருந்தது. எல்லா வகைக்கும் இரண்டே இரண்டு அறையின் படம்தான் போட்டோம். திரைச்சீலை காற்றில் ஆடாமல் வெளியே தெரியாதபடி ஒரு கை பிடித்திருக்க வேண்டும். அந்தக் கை என்னுடையது. அப்போது எனக்கு 26 வயது, அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பிறகு வரவேற்பு மேசைக்கு மாறி, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வருகிற சனத்தின் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

டீலக்ஸ், சுப்பீரியர் என்பதெல்லாம் அந்தந்த ஹோட்டல் தானே வைத்துக்கொள்கிற பெயர். ஒரு இடத்து டீலக்ஸ் இன்னொரு இடத்து ஸ்டாண்டர்டைவிடச் சின்னதாக இருக்கும். அதில் சண்டை பிடிக்க முடியாது. ‘கடல் பார்த்த’ என்பது வேறு. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஒழுங்கைகள் கடலை நோக்கி நேராக இறங்குகின்றன. மரைன் டிரைவில் முன்வரிசையில் நிற்கிற கட்டடத்துக்குத்தான் நேரே கடல் தெரியும். ஒழுங்கைக்குள் இருக்கிற கட்டடத்தின் யன்னல்கள் அயல் கட்டடத்தைத்தான் பார்க்கும். பல்கனியில் எட்டி நின்றால் ஒரு துண்டு நீலம் தெரியும், அதை ‘பகுதிக் கடல் காட்சி’ என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் நேர்மைதான். உங்களுக்கு அந்தத் துண்டு நீலம்கூட இல்லை.

ஏன் உங்களுக்கு அந்த அறை விழுந்தது? இது ஊகம், ஆனாலும் அனுபவ ஊகம். காலையில் அறைப் பங்கீடு செய்யும்போது கலியாண வீட்டுக் கூட்டம், அடிக்கடி வருகிறவர்கள், காசு இனிமேல்தான் கட்டப்போகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் நல்ல அறைகள் முதலில் போகும். ஆப்பில் முழுக் காசும் கட்டி, ரீஃபண்டும் இல்லாமல், இரவில் வந்து சேர்கிற ஆள் கடைசி. அவர் எங்கே போய்விடுவார் என்ற நினைப்பு. எல்லா ஹோட்டலும் இப்படி இல்லை, ஆனால் இப்படியும் நடக்கும்.

சரி, முகாமையாளர் சொன்ன இரண்டுக்கும் வருவோம்.

“ரீஃபண்ட் இல்லாத புக்கிங்” என்பது நீங்கள் மனம் மாறி வராமல் விட்டால் காசு கேட்கக் கூடாது என்பதற்கான நிபந்தனை. அவர்கள் வேறு அறையைக் கொடுத்துவிட்டு அதன் பின்னால் ஒளிய முடியாது. கடையில் ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது’ என்று பலகை தொங்குகிறதே என்பதற்காக, சம்பா அரிசிக்குக் காசு வாங்கிவிட்டு நாட்டரிசியைக் கட்டித் தரலாமா?

“தங்கிட்டீங்கதானே” என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் முழுக் காசும் வராது என்றேன். மற்றப் பாதியை உங்கள் வாட்ஸ்அப் உடைக்கிறது. ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய் முறைப்பாடு எழுதுகிறவரைத்தான் அந்த வாசகம் அடக்கும். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் படத்தோடு அறிவித்திருக்கிறீர்கள், அவர்கள் பார்த்திருக்கிறார்கள், நேரமும் பதிவாகியிருக்கிறது. அந்த உரையாடலை அழிக்க வேண்டாம். போன் மாற்றுவதாக இருந்தால் முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள். தம்பியிடம் சொல்லி விளம்பரப் பக்கத்தையும் இன்றைக்கே அப்படி எடுத்து வையுங்கள். முறைப்பாடு போன பிறகு ‘28 சதுர மீட்டர்’ காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு கேட்பது? தம்பி 12,000 ரூபா அறையை விட்டு 18,500 அறையை எடுத்தது கடலுக்காகவும் இடத்துக்காகவும். இரண்டும் கிடைக்கவில்லை. வித்தியாசம் ஓர் இரவுக்கு 6,500, மூன்று இரவுக்கு 19,500. அதை மட்டும் கேளுங்கள். 25,000 என்று உருட்டிக் கேட்க வேண்டாம். கணக்கோடு வருகிற தொகையைக் கண்டால் முகாமையாளர் கணக்காளரைத்தான் கூப்பிடுவார். உருண்டைத் தொகை என்றால் பேரம் பேசத் தொடங்குவார். அம்மா மூன்று மாடி ஏறிய வலிக்கு விலை போடத் தெரியவில்லை. அதற்கு எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள். லிஃப்ட் ஒரு கிழமையாகப் பழுது என்றால், பதிவு செய்தவர்களுக்கு முதலே ஒரு செய்தி போட்டிருக்க வேண்டும். வயதானவர் வருகிறார் என்று தெரிந்த உடனே கீழ் மாடியில் அறை மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எனக்கு இதில்தான் கோபம் கூட.

கடிதம் நீளம் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

‘இன்ன திகதி முதல் மூன்று இரவு, பதிவு இலக்கம் இது. விளம்பரத்தில்: கடல் காட்சி, 28 ச.மீ., இரண்டு தனிக் கட்டில், லிஃப்ட். தந்தது: மதில் பார்த்த யன்னல், ஏறக்குறைய 17 ச.மீ., ஒரு இரட்டைக் கட்டில், ஓடாத லிஃப்ட். அன்றிரவு 9.40க்குப் படங்களுடன் அறிவித்தேன், பதிலும் இல்லை, மாற்று அறையும் தரவில்லை. டீலக்ஸ், ஸ்டாண்டர்ட் விலை வித்தியாசமான 19,500 ரூபாவை 14 நாட்களுக்குள் பணம் வந்த கடனட்டைக்கே திருப்பி அனுப்பவும்.’

மின்னஞ்சலில் ஹோட்டலுக்கு அனுப்பி, அதே நேரம் தம்பி மூலம் அந்த ஆப் நிறுவனத்துக்கும் போடுங்கள். காசை வாங்கியது அவர்கள், அதனால் பொறுப்பும் அவர்களுக்கு உண்டு. விருந்தாளியின் கடிதம் ஒரு கிழமை மேசையில் கிடக்கும், ஆப்பிலிருந்து வருகிற கேள்விக்கு அன்றைக்கே பதில் போகும். எங்கள் இடத்தில் அப்படித்தான் இருந்தது. ஆப்பில் இடம் கீழே போய்விடும் என்ற பயம்.

14 நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் இரண்டு வழி. ஒன்று வங்கி. ‘சொன்னபடி சேவை கிடைக்கவில்லை’ என்று கடனட்டைக் கட்டணத்தை மறுக்க வழி இருக்கிறது, ஆனால் அட்டை தம்பியுடையது என்பதால் அவர்தான் லண்டனில் தன் வங்கியிடம் கேட்க வேண்டும். வவுனியாவிலிருந்து நீங்கள் அழைத்தால் உங்களோடு கதைக்கவே மாட்டார்கள். இதற்குப் பொதுவாக 120 நாள் கெடு. முதலில் ஹோட்டலிடம் கேட்டதற்கு எழுத்து ஆதாரம் கேட்பார்கள், மேலே உள்ள கடிதமே அது. தம்பி வித்தியாசத் தொகைக்கு மட்டும் மறுக்கட்டும்.

மற்றது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது, 31 ஆம் பிரிவு சேவையின் தரம், வகை பற்றிப் பொய்யாகச் சொல்வதைத் தடுக்கிறது. ஹோட்டல் அறையும் சேவைதான். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிடுங்கள். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை, சிங்களத்தில் எழுதித்தர ஆள் தேடி அலைய வேண்டாம். ஹோட்டல் தந்த பற்றுச்சீட்டின் பிரதியையும் சேர்த்து வையுங்கள். வாங்காமல் வந்திருந்தால் இப்போது கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை.

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கொள்ளுப்பிட்டியில் காலி வீதி 80 ஆம் இலக்கத்தில் இருக்கிறது, தொலைபேசி 1912. தங்குமிடங்களைப் பதிவு செய்வதும் தரப்படுத்துவதும் அவர்கள் வேலை. உங்கள் 19,500 ரூபாவை அவர்கள் எடுத்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்த ஹோட்டல் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள், பதிவு இருந்தால் கடிதத்தின் ஒரு பிரதியை அங்கேயும் அனுப்புங்கள். பதிவு புதுப்பிக்கிற காலத்தில் கோப்பில் முறைப்பாடு ஒன்று கிடப்பதை எந்த முதலாளியும் விரும்ப மாட்டார். வழக்கு மன்று வரை போவது இந்தத் தொகைக்கு வீண். மத்தியஸ்த சபை செலவில்லாத இடம்தான், ஆனால் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்து போகிற வான் காசே மிச்சத்தைத் தின்றுவிடும்.

இணையத்தில் எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். எழுதுங்கள், ஆனால் 14 நாள் கழித்து. காசு பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது விமர்சனத்தைக் காட்டி மிரட்டுவது போலத் தெரிந்தால் உங்கள் நியாயம்தான் மெலியும். நம் நாட்டில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் மானநட்ட வழக்குப் போடலாம், 2024இலிருந்து நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது, அது பொய்யான கூற்றுகள் பற்றியது. ஆகவே திகதி, அறை வகை, என்ன சொன்னார்கள், என்ன தந்தார்கள், உங்கள் நாலு படம், அவ்வளவும் போதும். ‘கள்ளர்’, ‘ஏமாற்றுக் கும்பல்’ என்று எழுத வேண்டாம். மேசையில் இருந்த பிள்ளையின் பெயரையும் போட வேண்டாம். அவருக்கு அறை மாற்றும் அதிகாரம் இருந்திருக்காது. இரவு எட்டரைக்கு முகாமையாளர் வீட்டுக்குப் போயிருப்பார், திட்டு வாங்கத்தான் அந்தப் பிள்ளை.

மற்றக் கண்ணுக்கு வரும்போது முற்பணம் முழுவதையும் கட்டாதீர்கள். போய்க் கட்டுகிற அறை ஆயிரம் ரூபா கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். அந்த ஆயிரம்தான் மேசையில் உங்களுக்குக் குரல். புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் ஹோட்டலுக்கே அழையுங்கள். காலையில் வெளிக்கிடுகிறவர்களோடு நிற்பார்கள், இரவில் பொறுப்பானவர் இருக்க மாட்டார், இந்த நேரம்தான் ஆறுதலாகக் கதைப்பார்கள். எந்த மாடி, லிஃப்ட் இன்றைக்கு ஓடுகிறதா, கட்டில் எத்தனை என்று கேளுங்கள். “யன்னலடியில நின்று போன்ல ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில போடுங்கோ தம்பி, அம்மாவுக்குக் கால் ஏலாது” என்று கேட்டால் நல்ல இடமாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் வரும். சாக்குச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். முடிந்தால் பின்னேரத்திலேயே போய்ச் சேருங்கள். அம்மாவும் பைகளும் கீழே இருக்க, நீங்கள் மட்டும் ஏறி அறையைப் பார்த்துவிட்டு வந்து சாவியை வாங்குங்கள். பை மேலே போய்விட்டால், பாதித் தோல்வி என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அது உங்களுடைய தோல்வியைத்தான்.

இன்னொன்று. மரைன் டிரைவ் முன்வரிசைக்கும் கடலுக்கும் இடையில் கரையோர ரயில் பாதை ஓடுகிறது. விடியப்புறமே ரயில் தொடங்கிவிடும், யன்னல் கண்ணாடி அதிரும். விளம்பரப் படத்தில் ரயில் சத்தம் வராதுதானே. ஒப்பரேஷன் முடிந்து நித்திரை வேண்டிய ஆளுக்கு உள்பக்க அறைதான் நல்லது, விலையும் குறைவு. கடலுக்கு, வைத்தியர் வெளியே போகலாம் என்று சொன்ன நாளில் பின்னேரம் ஐந்து மணிபோல ஒரு ஓட்டோ பிடித்துக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தூசு படாமல் அந்தக் கறுப்புக் கண்ணாடியை மறக்காமல் போட்டுவிடுங்கள். இஸ்ஸோ வடை (இறால் வடை) விற்கிறவர்கள் நிற்பார்கள், உறைப்புக் குறைத்து வாங்குங்கள்.

திகதியைப் பார்த்தால் நீங்கள் தங்கி ஐந்து கிழமை ஆகிறது. கடிதத்தை இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள்.